கண்டிப்பும் நியாயமும்: அரச வேலைத்தளங்களில் ஒழுங்கு நடவடிக்கை யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது?

பிரித்தானியாவின் அரச சேவைகளைப் பற்றி இரண்டு முறைப்பாடுகள் எப்போதும் கேட்கும். "அரசாங்க வேலையில் இருப்பவரை அசைக்க முடியாது, என்ன செய்தாலும் தப்பிவிடுவார்" என்பது ஒன்று. "சின்னப் பிழை விட்டாலும் எங்களைத்தான் பிடிக்கிறார்கள்" என்பது மற்றது. முதலாவதைப் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் சொல்கிறார்கள். இரண்டாவதை லண்டன் மருத்துவமனைகளிலும் கவுன்சில் அலுவலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் வேலை செய்யும் எம்மவர் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திய பின் சொல்கிறார்கள்.

ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாக இருக்கவேண்டும் என்று தோன்றலாம். ஆனால் கடந்த பத்து ஆண்டுகளில் வெளிவந்த அறிக்கைகளை அடுக்கிப் பார்த்தால் இரண்டும் உண்மை என்றே தெரிகிறது. மென்மையாகப் பேசித் தீர்க்கவேண்டிய இடத்தில் கடுமையும், கடுமை வேண்டிய இடத்தில் தளர்வும் நடக்கின்றன. நியாயத்தைக் கூட்டினால் கண்டிப்புக் குறைந்துவிடும் என்று நம்பும் முகாமையாளர்கள் பலர். நடந்தவை அதற்கு மாறானதையே காட்டுகின்றன. நியாயமாக விசாரிக்கத் தெரியாத நிறுவனத்துக்கு உண்மையான குற்றவாளியைப் பிடிக்கவும் தெரிவதில்லை.

எமது குடும்பங்களுக்கு இது வெறும் நிர்வாக விவகாரம் அல்ல. தேசிய சுகாதார சேவையில் தாதியாக இருப்பவர் மீதான ஒரு நடவடிக்கை, அவரது தொழிற்பதிவையே கேள்விக்கு உள்ளாக்கலாம். வேலை விசாவில் வந்தவருக்கு வேலை போனால் அனுசரணையும் போகும்; பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு அனுசரணையாளரைத் தேடவேண்டிய நிலை வரும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் காசு, வீட்டுக் கடன், பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்பு எல்லாம் அந்த ஒரு கடிதத்தில் தொங்கும்.

சாரிங் குறொஸ் தாதி

லண்டனில் இந்த விவகாரத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது அமீன் அப்துல்லா என்ற ஆண் தாதியின் மரணம். மலேசியாவைச் சேர்ந்த இவர் மேற்கு லண்டன் சாரிங் குறொஸ் மருத்துவமனையில் பணியாற்றினார். 2015இல் சக தாதி ஒருவர் மீது நோயாளி ஒருவர் முறைப்பாடு செய்தபோது, அந்தத் தாதிக்கு ஆதரவாக எழுதிக் கொடுத்தார். அதைத் தொடர்ந்து விசாரணை அவர் மீதே திரும்பியது. பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்ட அவர், அந்த ஆண்டு டிசம்பரில் பாரதூரமான ஒழுக்கமீறல் என்ற பெயரில் நீக்கப்பட்டார். மேன்முறையீட்டுக்குக் காத்திருந்த நிலையில், 2016 பெப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

2018இல் வெளியான சுயாதீன ஆய்வு, அவர் நியாயமற்ற முறையில் நடத்தப்பட்டார் என்று முடிவு செய்தது. விசாரணை இழுபட்டது, குறைபாடுகளோடு நடந்தது, அந்த மாதங்களில் அவரது மனநிலை பற்றி யாரும் போதிய அளவு அக்கறை காட்டவில்லை. மருத்துவமனையை நடத்தும் இம்பீரியல் கொலிஜ் ஹெல்த்கெயர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அடுத்த ஆண்டு மே மாதம், அப்போது என்.எச்.எஸ். மேம்பாட்டு அமைப்பின் தலைவராக இருந்த டைடோ ஹார்டிங், இங்கிலாந்தின் எல்லா என்.எச்.எஸ். நிறுவனங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். அதில் ஏழு வழிகாட்டல்கள் இருந்தன. ஒருவரை இடைநிறுத்தும் முடிவைத் தனியொருவர் எடுக்கக்கூடாது. விசாரிப்பவர் பயிற்சி பெற்றவராகவும், அந்த வேலைக்கு நேரம் ஒதுக்கப்பட்டவராகவும் இருக்கவேண்டும். முறையான நடவடிக்கை உண்மையிலேயே தேவையா என்பதைத் தொடங்கும் முன்னரே பலர் சேர்ந்து எடைபோடவேண்டும். விசாரணைக்கு உள்ளானவரின் உடல், மன நலத்தைக் கவனிக்கவேண்டும். எத்தனை விசாரணைகள் நடக்கின்றன, எவ்வளவு காலம் எடுக்கின்றன என்பது இயக்குநர் சபையின் பார்வைக்கு வரவேண்டும்.

இவற்றில் புதுமையாக எதுவும் இல்லை. ஊரில் ஒரு நல்ல பாடசாலை அதிபரும் இப்படித்தான் நடந்திருப்பார். ஆயினும் பெரும் மருத்துவமனைகளுக்கு இதை ஒரு மரணத்துக்குப் பிறகு எழுதி அனுப்பவேண்டி வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

எண்ணத் தொடங்கிய பிறகு

அமீன் அப்துல்லா தனிப்பட்ட ஒரு விதிவிலக்கா? என்.எச்.எஸ். 2015 முதல் தன் ஊழியர்களின் இன அடிப்படையிலான தரவுகளை ஒழுங்காகச் சேகரித்து வெளியிடுகிறது. 2016இல் கறுப்பின, ஆசிய மற்றும் பிற சிறுபான்மை ஊழியர் ஒருவர் முறையான ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகும் வாய்ப்பு, வெள்ளையின ஊழியரோடு ஒப்பிடுகையில் 1.56 மடங்காக இருந்தது. சம எண்ணிக்கையான ஊழியர்களை எடுத்துக்கொண்டால், வெள்ளையினத்தவர் 100 பேர் விசாரிக்கப்படும்போது சிறுபான்மையினர் 156 பேர் விசாரிக்கப்பட்டனர். 2020இல் இது 1.16ஆகக் குறைந்தது.

இந்த நான்கு ஆண்டுகளில் சிறுபான்மை ஊழியர்கள் திடீரென்று ஒழுக்கசீலர்களாக மாறிவிடவில்லை. எண்ணத் தொடங்கியதும், எண்களைக் காட்டிக் கேள்வி கேட்கத் தொடங்கியதும், பல மருத்துவமனைகள் கோவையைத் திறக்கும் முன் ஒரு சரிபார்ப்பை வைத்ததும்தான் மாறியவை. "இதே பிழையை வேறொருவர் விட்டிருந்தால் என்ன செய்திருப்போம்?" என்று இரண்டாவது ஆள் ஒருவர் கேட்டாலே பல கோவைகள் அங்கேயே மூடிவிடும்.

ஆனால் ஏன் முதலில் எம்மவர் மீது கோவை திறக்கிறது? எல்லாவற்றுக்கும் இனவாதம் என்று பதில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். மருத்துவர்களை மருத்துவச் சபைக்கு முறையிடுவது பற்றி, அந்தச் சபையே கேட்டுச் செய்வித்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. வேலை வழங்குநர்கள் சிறுபான்மை மருத்துவர்களை வெள்ளையின மருத்துவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக முறையிடுகிறார்கள். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்களை இங்கே பட்டம் பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு முறையிடுகிறார்கள். காரணங்களைத் தேடியபோது வெளிப்பட்டவற்றில் முக்கியமான ஒன்று, முகாமையாளர்களின் மௌனம்.

தன்னைப் போன்ற ஒருவர் பிழை விட்டால், முகாமையாளர் தேநீர் குடிக்கும்போது, "இதை இப்படிச் செய்யாதே" என்று சொல்லிவிடுகிறார். வேறு நாட்டவரிடம் அப்படிச் சொல்லத் தயங்குகிறார். இனவாதி என்று சொல்லிவிடுவார்களோ, பேச்சு வேறு மாதிரிப் போய்விடுமோ என்ற பயம். ஆகவே பேசாமல் விடுகிறார். பிழை சேர்ந்துகொண்டே போகிறது. ஒருநாள் பொறுமை உடைந்து, நேரே முறையான விசாரணையாக வந்து விழுகிறது. விசாரணைக்கு உள்ளானவருக்கோ அதுதான் முதல் எச்சரிக்கை. நேரத்தோடு சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைதான் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பணிநீக்கமாக வந்து நிற்கிறது.

காவல்துறையின் பாடம்

கண்டிப்பு வேண்டிய இடத்தில் என்ன நடக்கிறது? லண்டன் மெற்றோபொலிற்றன் காவல்துறை பற்றி லூயிஸ் கேசி 2022 ஒக்டோபரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கை இதற்குப் பதில் தருகிறது. ஒரு முறைப்பாட்டை முடிக்கச் சராசரியாக 400 நாட்கள் எடுத்தன. 2013க்குப் பின் ஒன்றுக்கு மேற்பட்ட ஒழுக்கமீறல் வழக்குகளில் சிக்கியவர்கள் 1,809 பேர். அவர்களில் வேலையை இழந்தவர்கள் 13 பேர் மட்டுமே. அதே முறைமையில், கறுப்பின ஊழியர்கள் மீது குற்றச்சாட்டு எழும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிட 81 சதவீதம் கூடுதலாகவும், ஆசியர்கள் மீது 55 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஒரே நிறுவனம், ஒரே விதிப்புத்தகம், ஒரே அலுவலகம். அங்கே திரும்பத் திரும்பக் குற்றம் செய்தவர் தப்புகிறார். வெளியாள் என்று கருதப்படுபவர் மாட்டுகிறார். ஒரு கோவைக்கும் இன்னொரு கோவைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை. மேலே இருந்து யாரும் மொத்தப் படத்தையும் பார்ப்பதில்லை. யாரைப் பிடிப்பது என்பதை ஆதாரத்தைவிட ஆள் பழக்கமே தீர்மானிக்கிறது. பழக்கம் உள்ளவருக்கு அது கவசம். பழக்கம் இல்லாதவருக்கு அதுவே பொறி. அதனால்தான் நியாயமின்மையும் கையாலாகாத்தனமும் ஒன்றாகவே வளர்கின்றன.

வேறு வழி இருக்கிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. லிவர்பூல் பகுதியில் மனநல சேவைகளை நடத்தும் மேர்சி கெயர் என்ற என்.எச்.எஸ். நிறுவனம், பத்து ஆண்டுகளுக்கு முன் தன் அணுகுமுறையை மாற்றத் தொடங்கியது. பிழை நடந்தால் "யார் செய்தது, என்ன தண்டனை" என்று தொடங்குவதற்குப் பதிலாக, "யாருக்குப் பாதிப்பு, அவர்களுக்கு என்ன தேவை, அதைச் செய்யவேண்டிய பொறுப்பு யாருடையது" என்று கேட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கைகளும் இடைநிறுத்தங்களும் பெருமளவு குறைந்தன. வேண்டுமென்று தீங்கு செய்தவர் மீதான நடவடிக்கையை அவர்கள் கைவிடவில்லை. சாதாரணப் பிழைகள் விசாரணை மேசையை விட்டு நீங்கினால், பாரதூரமானவற்றைக் கவனமாகவும் விரைவாகவும் விசாரிக்க நேரம் கிடைக்கும் என்பதுதான் அதன் கணக்கு.

சட்டம் எதை எதிர்பார்க்கிறது?

பிரித்தானியச் சட்டம், வேலை வழங்குநர் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும் என்று கேட்பதில்லை. 1978இல் பேர்ச்சல் என்ற வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல் இன்றும் நிற்கிறது. ஊழியர் குற்றம் செய்தார் என்று வேலை வழங்குநர் உண்மையாகவே நம்பினாரா, அந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணம் இருந்ததா, போதிய விசாரணை செய்த பிறகா அந்த முடிவுக்கு வந்தார் என்ற மூன்று கேள்விகள்தான். ஆகவே, "நான் செய்யவில்லை" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது போதாது. எந்தச் சாட்சியை அவர்கள் கேட்கவில்லை, எந்த ஆவணத்தைப் பார்க்கவில்லை என்று சுட்டிக்காட்டுவதே பலம்.

ஏகாஸ் என்ற அரச நடுநிலை அமைப்பின் நடைமுறைக் கோவை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. குற்றச்சாட்டை எழுத்தில் தரவேண்டும். சான்றுகளை முன்கூட்டியே தரவேண்டும். பதில் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். மேன்முறையீட்டுக்கு இடம் தரவேண்டும். வேலை வழங்குநர் இதைக் காரணமின்றி மீறினால், தீர்ப்பாயம் நட்டஈட்டை 25 சதவீதம் வரை கூட்டலாம். ஒழுங்கு விசாரணைக் கூட்டத்துக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரையோ சக ஊழியர் ஒருவரையோ கூட்டிச் செல்ல 1999ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. அவர் அந்த நாளில் வரமுடியாவிட்டால், அடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள் வேறு நியாயமான நேரம் ஒன்றைக் கேட்கலாம்.

இத்தனை உரிமைகள் இருந்தும் எம்மவரில் பலர், விசாரணைக் கடிதம் வந்ததும் தாங்களாகவே வேலையை விட்டு விலகிவிடுகிறார்கள். "மானத்தோடு போய்விடுவோம்" என்கிறார்கள். சிலர் வீட்டில் மனைவிக்கோ கணவருக்கோகூடச் சொல்வதில்லை; காலையில் வழமைபோல வெளிக்கிட்டுப் போகிறார்கள். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய எமது நாட்டு வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கவேண்டும்.

நாம் கொண்டுவந்த அனுபவம்

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, தமிழ் அரச ஊழியர்களுக்குச் சம்பள உயர்வும் பதவி உயர்வும் சிங்களத் தேர்ச்சியோடு கட்டப்பட்டன. கேகாலையில் அரச எழுதுவினைஞராக இருந்த செல்லையா கோடீஸ்வரன் அந்தப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவரது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் விலகவில்லை, வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குள் அது போகவில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குத் தொடரவே முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. வழக்கு லண்டனுக்கு வந்தது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில், அரச ஊழியருக்கு வழக்குத் தொடரும் உரிமை உண்டு என்று தீர்த்து, மொழிச் சட்டம் பற்றிய கேள்வியை மீண்டும் கொழும்புக்கே அனுப்பியது. அந்தக் கேள்விக்குப் பதில் வரவேயில்லை. பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது.

1980 ஜூலையில் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது, ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு ஏறத்தாழ 40,000 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி, தனித்தனி விசாரணை எதுவும் இல்லாமல், வேலைக்கு வராதவர் பதவியைத் துறந்தவராகக் கருதப்பட்டார். அப்படி நீக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் பல ஆண்டுகள் வறுமையில் உழன்றன.

"அரசாங்கம் நினைத்தால் முடித்துவிடும்; எதிர்த்துப் பயனில்லை" என்ற எண்ணம் இந்த அனுபவங்களில் ஊறியது. அது அங்கே பெரும்பாலும் சரியான கணிப்பாகவும் இருந்தது. இங்கே அது பாதிக்குப் பாதி பிழை. லண்டனிலும் அநியாயம் நடக்கிறது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் கேட்பதற்கு ஒரு தீர்ப்பாயமும், அதற்கு ஒரு விதிமுறையும் இங்கே உண்டு. அந்தக் கதவைத் தட்ட ஒரு கால எல்லையும் உண்டு. கோடீஸ்வரன் அந்தக் காலத்திலேயே, அத்தனை தடைகளுக்கு மத்தியிலும் தட்டினார் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

கடிதம் வந்தால்

முதலாவது, உடனே விலகல் கடிதம் எழுதவேண்டாம். விலகியவர் தன்னை நீக்கியதாக வழக்காடுவது பல மடங்கு கடினம். இரண்டாவது, தொழிற்சங்கத்தில் முன்பே சேர்ந்திருக்கவேண்டும். பெரும்பாலான சங்கங்கள் பிரச்சினை தொடங்கிய பின் சேர்ந்தவருக்கு அந்தப் பிரச்சினையில் உதவுவதில்லை. மாதச் சந்தாவை வீண் செலவு என்று பார்ப்பவர், காருக்குக் காப்புறுதி கட்டுவதை நினைத்துப் பார்க்கட்டும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருங்கள். கூட்டம் முடிந்த அன்றே, நடந்ததைத் திகதியோடு எழுதி வையுங்கள். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டுப் பெறத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால், கூட்டத்துக்கு முன்பே அதைச் சொல்லி, மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். விளங்காத ஒன்றுக்கு மரியாதைக்காகத் தலையாட்டுவது எமது பழக்கம். விசாரணைக் குறிப்பில் அது ஒப்புதலாகப் பதியப்படலாம்.

நான்காவது, நாட்களை எண்ணுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான வழமையான எல்லை மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. உள்ளக மேன்முறையீடு நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. ஏகாஸில் சமரச முயற்சியைத் தொடங்கினால்தான் நிற்கும். 2025 டிசம்பரில் நிறைவேறிய தொழில் உரிமைகள் சட்டம் இந்த எல்லையை ஆறு மாதமாக நீட்ட வழி செய்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைச் சங்கத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிராக வழக்காட இரண்டு ஆண்டு சேவை வேண்டும் என்ற விதியும் 2027 ஜனவரி முதல் ஆறு மாதமாகக் குறைகிறது. இனப் பாகுபாடு என்றால், எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்பது இப்போதும் தடையில்லை.

கடைசியாக, வீட்டில் சொல்லுங்கள். விசாரணைக்கு உள்ளாவது குற்றவாளி ஆவதல்ல. அமீன் அப்துல்லாவின் கதையில் மிகக் கனமானது அந்தக் காத்திருப்பின் மாதங்கள்தான். அதைத் தனியே சுமக்கவிடக் கூடாது.

மேசையின் மறுபக்கம்

இன்னொரு மாற்றத்தையும் பேசவேண்டும். எமது அடுத்த தலைமுறை இப்போது மேசையின் மறுபக்கத்திலும் இருக்கிறது. வார்ட் முகாமையாளராக, கவுன்சில் பிரிவுத் தலைவராக, பாடசாலைத் துணை அதிபராக, மனிதவள அதிகாரியாக எமது பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை ஒரு நைஜீரியத் தாதி மீதோ, பிலிப்பைன்ஸ் பராமரிப்பாளர் மீதோ, ஏன், கண்டிப்பாக நடந்துகொள்ளவேண்டிய ஒரு தமிழர் மீதோ முறைப்பாடு அவர்களின் கைக்கு வரும்.

தங்கள் ஆள் என்றால் மூடிவிடுவதும், மேலிடத்துக்குத் தாங்கள் கண்டிப்பானவர் என்று காட்டத் தங்கள் ஆளையே கூடுதலாக இறுக்குவதும் இரண்டும் நடக்கக்கூடியவை. இரண்டுமே ஆள் பார்த்துச் செய்யும் வேலைதான். அவர்களுக்குச் சொல்லவேண்டியது கொஞ்சமே. பிழையைக் கண்ட அன்றே முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்லுங்கள். கோவையைத் திறக்கும் முன் இன்னொருவரைக் கேளுங்கள். திறந்தால் விரைவாக முடியுங்கள். நோயாளிக்கோ பிள்ளைக்கோ சக ஊழியருக்கோ வேண்டுமென்றே தீங்கு செய்தவர் யாராக இருந்தாலும், அவரைக் காப்பாற்றாதீர்கள்.

நியாயமான விசாரணையின் முடிவில் ஒருவர் வேலையை இழக்கவும் கூடும். அப்போதும் எதற்காக இழந்தார் என்பது அவருக்கும் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கும். அந்தத் தெளிவைத்தான் கேகாலை எழுதுவினைஞர் ஒருவர் கொழும்பிலும் லண்டனிலும் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். அவரது அரசு கடைசிவரை பதில் சொல்லவில்லை. இங்கே அதிகாரத்தில் அமரும் எமது பிள்ளைகள் பதில் சொல்லப் பழகட்டும். கடிதம் பெறும் எமது பெற்றோர் கேள்வி கேட்கப் பழகட்டும்.